முதல் சத்தம் கேட்ட நாள்

மார்ச் 3, திங்கள்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, பல் துலக்குவதற்கும் முன்னால், முக்காலி போட்டு ஏறி சமையலறை மேல்தட்டில் ஜாம் பாட்டில் மூடிகளைத் தேடினேன். பதினொன்று தேறின. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே குழிந்து, விட்டால் 'டக்' என்று வெளியே வரும் மூடிகள். இவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, காலங்காத்தாலே பழைய இரும்புக் கடைக்குப் போகிறேனா என்று கேட்டார். இரண்டாவது முறை கேட்டபோதுதான் பதில் சொன்னேன். தூக்கக் கலக்கத்தில் பேசினால் யாருக்குப் புரியும்.

வத்தலக்குண்டிலிருந்து பள்ளி இருக்கும் மஞ்சப்பாறைக்கு முதல் பேருந்து ஆறே முக்காலுக்கு. வழியில் பேக்கரியில் இன்னும் எட்டு மூடிகள் கிடைத்தன. என்னிடம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பத்தொன்பது குழந்தைகள். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியர் செல்லத்துரை சாரிடம். இரண்டு ஆசிரியர் பள்ளி.

சில்வண்டுப் பாடத்தை இன்று தொடங்கினேன். ஆண் சில்வண்டின் வயிற்றின் இரண்டு பக்கமும் இந்த மூடியைப் போல விறைப்பான ஒரு தோல் இருக்கிறது. உள்ளே இருக்கும் தசை அதை இழுத்து விடும்போது ஒரு டக். ஒரு நொடிக்கு நூற்றுக்கணக்கான டக் சேர்ந்தால் ரீங்காரம். வயிறு முக்கால்வாசி வெறும் காற்று, அதனால் சத்தம் பெரிதாகிறது. இதை வாயால் சொன்னால் அரை நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். மூடியைக் கையில் கொடுத்து, சொம்பின் வாயில் வைத்து அழுத்தச் சொன்னேன். பத்தொன்பது டக். வகுப்பு அதிர்ந்தது. செல்லத்துரை சார் பக்கத்து அறையிலிருந்து வந்து வாசலில் நின்று ஏதோ சொன்னார். மீசைக்குள்ளேயே பேசுகிற மனிதர். பிள்ளைகள் சிரித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன்.

இந்த மாதம் எனக்கு ஒரு பரீட்சை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஜனவரியில் ஒன்றாம் வகுப்பு கனிஷ்கா கழிப்பறைக்குள் மாட்டிக்கொண்டாள். தாழ்ப்பாள் இறுகிவிட்டது. அரைமணி நேரம் உள்ளே இருந்திருக்கிறாள். நான் பத்தடி தள்ளி வராந்தாவில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் அம்மா ஜெயக்கொடி காபித் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். பிள்ளை குரல் கொடுக்கவே இல்லை என்று நான் சொன்னேன். கேட்டிருந்தால் போயிருக்க மாட்டேனா. ஆனால் அன்றிலிருந்து என் கவனத்தை நான் நம்பவில்லை. வட்டார வள மையத்தில் மாற்றுப் பணிக்கு விண்ணப்பம் பைக்குள் இருக்கிறது. அங்கே கோப்புகள்தான், குழந்தைகள் இல்லை. ஏப்ரல் பதினைந்துக்குள் கொடுக்க வேண்டும். இந்தப் பாடம் முடியும்வரை ஒரு பிள்ளையையும் ஒரு நிமிடமும் தவறவிடாமல் நடத்த முடிந்தால் விண்ணப்பத்தைக் கிழித்துவிடுவேன். முடியாவிட்டால் நாற்பத்தாறு வயதில் எனக்கு இந்த வேலையில் மனம் விட்டுப்போய்விட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.


மார்ச் 4, செவ்வாய்

மூடிகளைப் பிள்ளைகள் வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார்கள். நான்கு அம்மாக்கள் என்னைத் திட்டியதாகத் தகவல். நல்ல பாடம்.


மார்ச் 6, வியாழன்

ஓடு பொறுக்கும் நாள். பள்ளிக்கு மேற்கே சரிவில் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி. மண்ணுக்குள் வேர்ச்சாறு குடித்து வளர்ந்த சில்வண்டுக் குஞ்சு ஒருநாள் பொழுது சாய்ந்தபின் மேலே வந்து, மரத்தைப் பற்றிக்கொண்டு, முதுகு பிளந்து, ஓட்டை விட்டுவிட்டுப் பறந்துவிடும். அந்தக் காலி ஓடுகள் பட்டையில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். இருபத்தேழு கிடைத்தன. ஆளுக்கு ஒன்றைச் சட்டையில் மாட்டிக்கொண்டார்கள். கால் நகங்கள் துணியில் நன்றாகப் பிடிக்கின்றன. உருப்பெருக்கியில் பார்த்து வரையச் சொன்னேன். கண் எத்தனை என்று எண்ணச் சொன்னதற்கு, பக்கத்தில் இரண்டு, நெற்றியில் மூன்று சின்னது என்று மூன்றாம் வகுப்பு ஓவியா மட்டும் சரியாகச் சொன்னாள். இவளுக்கு எதையும் விடாத குணம். பென்சிலை எச்சில் தொட்டு எழுதுவாள், எத்தனை முறை சொன்னாலும்.

மரத்தடியில் கயிற்றை வட்டமாகப் போட்டு உள்ளே எத்தனை துளைகள் என்று எண்ணினோம். குஞ்சுகள் மண்ணிலிருந்து வெளியே வந்த, விரல் பருமன் துளைகள். அதிகம் இருந்த மரத்தடியில் பதினான்கு.

கனிஷ்காவும் எண்ணினாள். அவள் இப்போதெல்லாம் பள்ளியில் கழிப்பறைக்குப் போவதில்லை. காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. வீட்டுக்குப் போகும்வரை அடக்கிக்கொள்கிறாள். தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம் என்று காட்டியும் வரவில்லை.

சுவரில் ஓர் அட்டவணை மாட்டியிருக்கிறேன். 'முதல் சத்தம் கேட்ட நாள். கேட்டவர். எந்தப் பக்கம்.' ஓடு வந்துவிட்டது என்றால் இன்னும் சில நாட்களில் பாட்டு தொடங்க வேண்டும். முதலில் கேட்பவருக்கு ஒரு பாக்கெட் கடலை மிட்டாய்.


மார்ச் 7, வெள்ளி

சாக்குப் பைக்குள் நுழைந்து, முதுகுப்பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டு வெளியே வரும் விளையாட்டு. கையை உபயோகிக்கக் கூடாது. ஒருவரும் இரண்டு நிமிடத்துக்குள் வரவில்லை. வந்தபின் சிறகு காயும்வரை அசையாமல் உட்கார வேண்டும் என்பதுதான் விதி. அதில்தான் எல்லோரும் தோற்றார்கள்.


மார்ச் 10, திங்கள்

இன்று மனம் சரியில்லை.

நான் உள்ளே நுழையும்போதே ஓவியா அட்டவணையில் எழுதியிருந்தாள். மார்ச் 10. ஓவியா. மேற்கு. ஜன்னல் பக்கம் போய் நின்று கேட்டேன். ஒன்றுமில்லை. காபிக் கொட்டை உடைக்கும் இயந்திரச் சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்தது. மற்றப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள், எங்களுக்கும் கேட்கிறது என்று. எல்லோரும் வாயை மூடுங்கள் என்றேன். மூடினார்கள். அப்போதும் ஒன்றுமில்லை.

கடலை மிட்டாயை வைத்தது என் தப்பு. ஒரு பாக்கெட் மிட்டாய்க்காகப் பத்தொன்பது பேரும் கேட்காததைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். இதைத்தான் பொறுக்க முடியவில்லை. விஞ்ஞானத்தில் முதல் பாடமே இதுதானே, பார்த்ததை எழுது, கேட்டதை எழுது. சிவப்பு மையால் ஓவியாவின் வரியை அடித்தேன்.

அவள், "நெசமாத்தான் டீச்சர். இப்பவும் கத்துது," என்றாள்.

"கேக்காததக் கேட்டேன்னு எழுதக் கூடாது ஓவியா."

அவள் பென்சிலை டப்பாவில் போட்டு மூடினாள்.


மார்ச் 11, செவ்வாய்

ஓவியா வரவில்லை. இந்த வருடம் அவள் போடும் முதல் விடுப்பு.


மார்ச் 12, புதன்

ஒலி வரைபடம். காதுக்கு நேர்மை பழக்குவதற்காக நானே யோசித்த பயிற்சி. மைதானத்தில் ஒருவருக்கொருவர் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார வேண்டும். தாளின் நடுவில் ஒரு பெருக்கல் குறி, அது நான். ஐந்து நிமிடம் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். சத்தம் எந்தப் பக்கம் வந்ததோ அந்தப் பக்கம் கோடு. நீளமான சத்தத்துக்கு நீளக் கோடு. பேச்சு கூடாது, பார்த்து எழுதக் கூடாது. ஓவியா இன்றும் இல்லை, பதினெட்டுப் பேர். நானும் ஒரு தாள் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தாள்களைப் பேருந்தில் மடியில் வைத்துப் பார்த்தேன். சேவல், பேருந்து ஹார்ன், விறகு வெட்டுவது, இயந்திரம். எல்லாம் சரியாக இருந்தன. எல்லாத் தாளிலும் மேற்கு ஓரம் முழுக்க நெருக்கமான கோடுகள். சிலர் அழுத்தி அழுத்தித் தாளையே கிழித்திருந்தார்கள். எழுதவே வராத கனிஷ்காகூட மேற்கில் ஒரு முள்ளம்பன்றி போலக் கிறுக்கியிருந்தாள்.

பதினெட்டுப் பேரும் முதல் நாளே பேசி வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என் தாளை எடுத்து அவற்றின் மேல் வைத்தேன். என் தாளில் மேற்குப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

மடித்துப் பையில் வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.


மார்ச் 13, வியாழன்

இன்று நான் கேட்டவை: பேருந்து இஞ்சின், கண்டக்டர் விசில் (அருகில் நின்றபோது), குக்கர் (இவர் சொன்னபின்), கோயில் மேளம், நாய், இடி. எவ்வளவோ கேட்கிறது.


மார்ச் 14, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஓவியா வந்தாள். கையில் சாப்பாட்டு டப்பா. மூடியில் ஊசியால் குத்திய துளைகள். மூன்று நாள் பள்ளிக்கு வராமல் சரிவில் மரம் மரமாக ஏறி இறங்கியிருக்கிறாள். முட்டியெல்லாம் சிராய்ப்பு. டப்பாவை என் மேசைமேல் வைத்து, "இதுதான் டீச்சர் கத்துச்சு," என்றாள்.

ஆண் வண்டு. பழுப்பும் பச்சையுமாக, கண்ணாடிச் சிறகோடு. கையில் எடுத்தேன். என் உள்ளங்கையில் அது துடித்தது, எலும்பு வரைக்கும் தெரியும் துடிப்பு. பிள்ளைகள் எல்லோரும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். முகத்தைச் சுளித்தார்கள். சிரித்தார்கள். எனக்கு எங்கோ தூரத்தில் யாரோ காய்ந்த இலையைக் கசக்குவது போல ஒன்று கேட்டது. அல்லது அதுவும் கேட்கவில்லை, கையின் துடிப்பைக் காது என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டின் வயிற்றைத் திருப்பிக் காட்டி, ஜாம் மூடி போன்ற அந்தத் தோல் இருக்கும் இடத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். கால்கள் என் விரலைப் பிறாண்டிக்கொண்டே இருந்தன.

"இப்பக் கத்துதுல்ல டீச்சர்?" என்று ஓவியா கேட்டாள்.

"ஆமா, கத்துது," என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "இப்பக் கத்தல டீச்சர். அப்பவே நிறுத்திருச்சு."

நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் எப்போதோ காதிலிருந்து கையை எடுத்திருந்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. வண்டை வெளியே கொண்டுபோய் விடச் சொன்னேன். பிறகு கணக்குப் பாடம் எடுத்தேன்.


மார்ச் 15, சனி

இவரிடம் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. குக்கர் எத்தனை விசில் வந்தது என்று இவர் கேட்டார், நான் அழுதுவிட்டேன்.

இவர் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற மனிதர், இப்படியெல்லாம் உட்கார்ந்து பேசத் தெரியாது.

"ரெண்டு வருசமா உன் முன்னாடி வந்து நின்னுதான் பேசுறேன். முதுகுக்குப் பின்னாடி பேசுறதையே விட்டுட்டேன். நீ கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒருக்காச் சொன்னேன். நான் முணுமுணுக்குறேன்னு சண்டைக்கு வந்த. அதுலேருந்து சத்தமாப் பேசப் பழகிட்டேன். ஆபீஸ்ல என்னை லவுட் ஸ்பீக்கருன்னு கூப்பிடுறாய்ங்க."

சிரித்துவிட்டேன். பிறகு மறுபடி அழுதேன். திங்கட்கிழமை திண்டுக்கல் போய்க் காதைக் காட்டலாம் என்றார். விடுப்புக்குச் செல்லத்துரை சாருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். தொலைபேசியில் அவர் குரல் எனக்கு ஏன் புரிவதே இல்லை என்று இன்றுதான் கேள்வி வருகிறது.


மார்ச் 17, திங்கள்

திண்டுக்கல் காது மருத்துவமனையில் கண்ணாடி வைத்த சிறிய அறை. காதில் ஹெட்போன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் நிறைய அழுத்தினேன். நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளை போல உட்கார்ந்திருந்தேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பரிசோதனை முடிந்துவிட்டதோ என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்தால், சோதிக்கும் பெண் பொத்தான்களைத் திருகிக்கொண்டுதான் இருந்தாள்.

தாளில் கோட்டைக் காட்டினாள். இடது பக்கம் சமதரையாகப் போய், நடுவுக்கு மேல் மலைப்பாதை மாதிரி இறங்கிவிட்டது. இரண்டு காதுக்கும் அதே இறக்கம்.

"தடிச்ச குரல், வண்டிச் சத்தம் எல்லாம் நல்லாக் கேக்கும்க்கா. சன்னமான சத்தம்தான் போயிருக்கு. சின்னப் புள்ளைங்க குரல், விசில், பூச்சிச் சத்தம். இது நேத்து வந்ததில்ல. அஞ்சாறு வருசமாக் கொஞ்சங் கொஞ்சமாப் போயிருக்கும், அதனாலதான் தெரியல."

கதவை மூடிய அறைக்குள் ஆறு வயதுப் பிள்ளை அழுதால், பத்தடி தள்ளி இருக்கிற எனக்குக் கேட்குமா என்று கேட்டேன்.

அவள் தாளை ஒருமுறை பார்த்தாள். "கஷ்டம்தான்க்கா."

வெளியே வந்ததும் இவர் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு உடம்பே லேசாக இருந்தது. மனம் விட்டுப்போகவில்லை. அக்கறை குறையவில்லை. காதுதான். வெறும் காது. காதுக் கருவி போட்டுப் பார்க்கலாம், பெரும்பாலும் பலன் இருக்கும் என்கிறார்கள். வத்தலக்குண்டு வரும்வரை இவரிடம் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போது குழாயடியில் நின்றுவிட்டேன். கனிஷ்கா குரல் கொடுத்திருக்கிறாள். அரைமணி நேரமும் கொடுத்திருக்கிறாள். பிள்ளை சத்தமே போடவில்லை என்று நான் சொன்னேன். அதைக் கேட்டு, மாட்டிக்கிட்டாக் கத்த வேண்டியதுதானே, ஊமையா நீ என்று ஜெயக்கொடி எல்லார் முன்னாலும் அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். "நான் கத்துனேன்," என்று அந்தப் பிள்ளை ஒரே ஒரு முறை சொன்னது. அவள் வாயைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அதனால் அது எனக்குக் கேட்டது.

இதை ஜனவரியில் நான் எழுதி வைக்கவில்லை.


மார்ச் 18, செவ்வாய்

முதல் பாடவேளையில் அட்டவணையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அடித்த வரிக்குக் கீழே புதிதாக எழுதினேன். மார்ச் 10. ஓவியா. மேற்கு. ஓவியா சொன்னது சரி, டீச்சர் அடித்தது தப்பு என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். எனக்குச் சன்னமான சத்தம் கேட்பதில்லை, நேற்றுதான் டாக்டர் சொன்னார் என்றும் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று திட்டமிடவில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது.

அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவன் தன் மாமாவுக்கு ஒரு கண் தெரியாது என்றான். இன்னொருத்திக்கு இனிப்பு சாப்பிட்டால் பல் கூசுமாம். வரிசையாக வந்து அவரவர் குறைகளைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது.

ஓவியா மிட்டாய்ப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு கேட்டாள். "ஆண் வண்டு அம்புட்டுச் சத்தம் போடுதே, அதுக்குக் காது போயிராதா டீச்சர்?"

கத்தும்போது தன் காதுச் சவ்வை மடக்கித் தளர்த்திக்கொள்ளும் என்று சொன்னேன். அவள் யோசித்தாள். பிறகு, "அது கெட்டிக்காரப் பூச்சி," என்றாள்.

கனிஷ்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப் போனேன். அவள் ஓவியா கொடுத்த மிட்டாயின் வெல்லப்பாகை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். திரும்பி வந்துவிட்டேன்.


மார்ச் 20, வியாழன்

இந்தப் பாடத்தில் கடைசிப் பயிற்சி, எத்தனை மணிக்குப் பாடுகிறது, எவ்வளவு நேரம் பாடுகிறது என்று குறிப்பது. அதை விட்டுவிடலாம் என்றேன். எனக்குக் கேட்காத ஒன்றை நான் எப்படிக் குறிப்பது. ஓவியா விடவில்லை. நாங்கள் கையைத் தூக்குகிறோம், டீச்சர் பார்த்து எழுதுங்கள் என்றாள். மெதுவாகப் பாடினால் தோள் வரை, ஓங்கிப் பாடினால் தலைக்கு மேல், நிறுத்தினால் கீழே.

மேற்குச் சரிவில் மரத்தடியில் பத்தொன்பது பேரும் என்னைப் பார்த்து நின்றார்கள். கடிகாரத்தையும் நோட்டையும் வைத்துக்கொண்டு நான் எதிரில்.

பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு ஒரு கை எழுந்தது. பிறகு நான்கு. பிறகு எல்லாக் கைகளும், ஒரே நேரத்தில் இல்லை, இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக, ஒரு மரத்துக்கு அடுத்த மரம் பதில் சொல்வது போல. தோள் வரை, தலைக்கு மேல், நுனிக்காலில் நின்று இன்னும் மேலே. அப்படியே நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டார்கள் சிலர். பிறகு கைகள் மொத்தமாகக் கீழே விழுந்தன. காட்டில் யாரோ சட்டென்று கதவைச் சாத்தியது போல.

நான் குறித்துக்கொண்டேன். 10.40 முதல் 10.43. பிறகு 10.47. பிறகு வெயில் ஏறியபின் நெடுநேரம். சில்வண்டு பாடுவதை என் வாழ்க்கையில் இவ்வளவு கூர்ந்து கவனித்ததில்லை.

கை வலிக்கிறது என்று முதலில் உட்கார்ந்தவன் மூன்றாம் வகுப்பு. கடைசி வரை நின்றது கனிஷ்கா.


மார்ச் 27, வியாழன்

கருவி வந்தது. ஒரு மாதம் போட்டுப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்கள். பாக்குக் கொட்டை அளவு, காதுக்குப் பின்னால். கூந்தலைத் தளர்த்திப் பின்னினால் வெளியே தெரியாது.

முதல் நாள் பயந்துபோனேன். பிளாஸ்டிக் பை இப்படிக் கத்துமா. செருப்பு, வளையல், காகிதம், இவர் தோசை மெல்வது. எல்லாம் எனக்குள் வந்து விழுகின்றன. "இனிமே மெல்லப் பேசட்டுமா?" என்று இவர் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார். திரும்பாமலே பதில் சொன்னேன். இவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தார். வழக்கமாகக் கழுவ மாட்டார்.


மார்ச் 28, வெள்ளி

சில்வண்டைக் கேட்டேன். நாராசம். இரும்புத் தகட்டை ரம்பத்தால் அறுப்பது போல. இதற்காகவா இத்தனை பாடு. முற்பகல் முழுக்க ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

வகுப்பில் கனிஷ்கா படிக்கும்போது சொற்களின் கடைசியில் ஒரு சிறு விக்கல் போல இழுக்கிறாள். ஒரு வருடமாக என்னிடம் படிக்கிற பிள்ளை, எனக்கு இது தெரியாது.


ஏப்ரல் 2, புதன்

செல்லத்துரை சாரிடம் சொல்லிவிட்டேன். கருவியோடு கேட்டதில் அவர் மீசைக்குள் பேசுவதில்லை என்று தெரிந்தது. தெளிவாகத்தான் பேசுகிறார், மெதுவாக. நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொன்னார்.

"பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை இருக்கு டீச்சர். ஜனவரி விஷயத்த அப்பவே ரெண்டு பேர் கெளப்புனாங்க, நான் அமுக்கி வச்சேன். இப்ப டீச்சருக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சா சும்மா இருப்பாங்களா? நீங்களே மாற்றுப் பணிக்குப் போயிட்டா மரியாதையா முடிஞ்சுரும். விண்ணப்பத்தக் குடுங்க, இன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்."

இப்போது கருவி இருக்கிறதே என்றேன்.

"எனக்குத் தெரியுது டீச்சர். புள்ள பெத்தவங்களுக்குத் தெரியணுமே." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க. புள்ளைங்க வீட்ல சொன்னாலும் வெளாட்டுப் பேச்சுன்னு விட்டுருவாங்க, பெரியவங்க யார்கிட்டயும் நீங்க சொல்லாதீங்க. முடிய இப்படியே விட்டுப் பின்னிக்கங்க. ஜனவரியில புள்ள சத்தம் போடலன்னு சொன்னோம், அது அப்படியே இருக்கட்டும்."

பேருந்தில் வரும்போது அவர் சொன்னதில் இரண்டாவதுதான் எனக்குச் சுலபமாகப் பட்டது. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.


ஏப்ரல் 3, வியாழன்

பள்ளியில் கனிஷ்கா தண்ணீர் குடித்தாள். அரை டம்ளர். குடித்துவிட்டு வெகுநேரம் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம் வந்து கையைப் பிடித்தாள். வெளியே நிற்கிறேன் என்றேன்.

கதவுக்குள்ளிருந்து கேட்டாள், "டீச்சர், இருக்கீங்களா?"

சன்னமான குரல். கதவின் மரத்தைத் தாண்டி முழுசாக வந்தது.

"இருக்கேன்."

"இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

மூன்று நிமிடத்தில் பதினோரு முறை கேட்டாள். பதினோரு முறையும் பதில் சொன்னேன். என் காதை அவள் சோதிக்கிறாள் என்று தோன்றியது. அப்படி இருந்தால் அது அவள் உரிமை.


ஏப்ரல் 4, வெள்ளி

இன்று பிள்ளைகள் போனபின் விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடம் தொடங்கும்போது, தவறே விடாமல் நடத்தினால் இங்கே இருப்பேன் என்று பந்தயம் வைத்தேன். தவறு விட்டேன். ஓவியாவின் வரியை அடித்தேன். பத்தொன்பது பேரைப் பொய்யர்கள் என்று நினைத்தேன். அந்தக் கணக்குப்படி நான் போக வேண்டியவள். ஆனால் அது முட்டாள்தனமான பந்தயம். வள மையத்துக்குப் போனால் கனிஷ்காவின் கதவுக்கு வெளியே நிற்கப் போவது யார் என்று அந்த விண்ணப்பத்தில் ஒரு கட்டமும் இல்லை.

இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒளிந்துகொண்டு இருக்க முடியாது. காரணம் தெரிந்துவிட்டது என்பதால் அந்த அரைமணி நேரத்தில் ஒரு நிமிடமும் குறையப்போவதில்லை. முதுகில் விழுந்த அடியும் அப்படித்தான்.

கூட்டத்தில் பேசலாம் என்று முதலில் நினைத்தேன். அது குழுவுக்குச் சொல்வது. நான் சொல்ல வேண்டியவர்கள் இரண்டே பேர்.

நாளை சனிக்கிழமை. ஜெயக்கொடிக்குத் தோட்டத்தில் அரைநாள்தான் வேலை, மதியம் வீட்டில் இருப்பாள். பதினொரு மணிப் பேருந்தில் மஞ்சப்பாறைக்குப் போகப்போகிறேன். முடியை அள்ளி இறுக்கமாகக் கொண்டை போட்டுக்கொண்டு, காது இரண்டும் நன்றாகத் தெரியும்படி. அவள் வீட்டு வாசலில் கனிஷ்காவையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொல்வேன். உங்க புள்ள கத்துச்சு. அரைமணி நேரமும் கத்துச்சு. எனக்குத்தான் கேக்கல. அதற்குப் பிறகு ஜெயக்கொடி என்னைத் திட்டலாம், கூட்டத்தில் எழுந்து என்னை மாற்றச் சொல்லலாம். அவள் சொன்னால் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். இருக்கச் சொன்னால் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதும் அதே கொண்டையோடு வகுப்புக்குப் போவேன்.

செல்லத்துரை சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார். இவரிடமும் சொல்லவில்லை. நாளை லீவுதானே, மீன் வாங்கி வரட்டுமா என்று சற்று முன் அடுத்த அறையிலிருந்து மெல்லக் கேட்டார். சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம், மதியம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.